போன் எனக்க கையில இருக்கும்

ஷார்ஜாவின் முவைலா பகுதியில் அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு வெள்ளிக்கிழமை காலையில் யார் ஏறி வந்தாலும் முதலில் எதிர்ப்படுவது விஜியின் சாளைக் குழம்புதான். ஷார்ஜா மீன் மார்க்கெட்டில் விடியற்காலையிலேயே போய் வாங்கி வந்த சாளை. தேங்காயையும் மல்லியையும் வறுத்து அரைத்து, மாங்காய் நறுக்கிப் போட்டு, பெரிய அலுமினியப் பானையில் அது கொதிக்கும். பக்கத்து லேபர் கேம்ப்களில் சமைக்க நேரமில்லாத ஆண்பிள்ளைகளுக்கு விஜி மெஸ் நடத்தினாள். சோற்று டப்பாக்கள் வாசலில் அடுக்கி இருக்கும். ஒவ்வொருவனாக வந்து தன் டப்பாவை மோந்து பார்த்து எடுத்துப் போவான்.

அவள் புருஷன் அருள்ராஜ், இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு அலுமினியம், கண்ணாடி ஒர்க்ஷாப்பில் போர்மேன். சனி முதல் வியாழன் வரை பொறுப்பான மனுஷன். வெள்ளிக்கிழமை மட்டும் கிறுக்குப் பிடித்துவிடும். குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவன். அந்தக் கரையில் பிள்ளைகள் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதும் காலுக்கு முன்னால் ஒரு பந்து கிடக்கும். அவனும் ஒரு காலத்தில் ஆடியவன்தான். முழங்கால் முட்டு போனபிறகு மானேஜராகிவிட்டான். 'கடலோரம் செவன்ஸ்' என்று ஏழு பேர் ஆடுகிற டீம் ஒன்றைக் கட்டி, அவர்களுக்கு ஜெர்ஸி வாங்கி, வாழைப்பழம் வாங்கி, தோற்றால் இரண்டு நாள் சோறிறங்காமல் அலைவான். "ஒம்பாட்டுக்கு ஒரு கோப்பைய கடையில வாங்கி வச்சிருக்கலாம், இதுக்கு ஆன செலவுல" என்பாள் விஜி. அவனுக்கு அது வேடிக்கையாகத் தெரியாது. செய்கு காக்கா கோப்பையின் பைனலில் மூன்று வருஷம் தொடர்ந்து காயல்பட்டினத்துப் பையன்களிடம் தோற்றவனுக்கு எது வேடிக்கையாகத் தெரியும்?

அந்த வருஷம் கதை வேறு. அந்த வருஷம் தயாபரன் இருந்தான்.

தயாபரன் வன்னிக்காரன். சமாதானம் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் இலங்கையிலிருந்து விசா கிடைத்து வந்தவன். ஒர்க்ஷாப்பில் கண்ணாடி பொருத்துகிற வேலை. ஒருநாள் சைட்டில் மேலே சாரத்தில் நின்றவன் கைதவறி சிலிகான் துப்பாக்கியை விட்டுவிட, கீழே நின்ற தயாபரன் தலையை மட்டும் திருப்பி ஒற்றைக் கையால் அதைப் பிடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். அருள்ராஜ் அதைப் பார்த்தான். அன்று சாயங்காலமே அவனைத் தன் வீட்டு ஹாலில் பிளைவுட் அடித்து மறைத்த மூலைக்குக் குடி கொண்டுவந்துவிட்டான். கட்டில் போட்டுக் கொடுத்ததும், கறி மீனில் நடுத்துண்டு கொடுத்ததும் பிரியத்தால்தான். ஆனால் கோல் போஸ்ட்டுக்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோஷமும் அதில் இருந்தது. அதை அருள்ராஜே மறுக்கமாட்டான்.

இரண்டாயிரத்து ஒன்பது ஏப்ரல். ஊரில் சண்டை மறுபடி தொடங்கி, தயாபரனின் அம்மாவும் தங்கை சுகந்தினியும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் கடலோரத்தில் ஒரு துண்டு நிலத்துக்குள் போய் அடைபட்டிருந்தார்கள். அங்கே யாரோ ஒருவரிடம் சாட்டிலைட் போன் இருந்தது. சனங்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு நிமிஷம் பேசலாம். அங்கிருந்துதான் இங்கே வரும். இங்கிருந்து கூப்பிட முடியாது. வருகிற அழைப்பில் நம்பர்கூடத் தெரியாது. தயாபரன் குளிக்கப் போனாலும் போனைச் சோப்புப் பெட்டி பக்கத்தில் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டுதான் போவான்.

பைனல் அன்று காலை, விஜி புட்டும் பயறும் வைத்துக்கொண்டிருக்கும்போது செய்கு முகம்மது வந்தார். கீழே பாக்காலா என்கிற மளிகைக் கடை வைத்திருக்கிற காயல்பட்டினத்துக்காரர், எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன். கோப்பை அவர் பெயரில்தான். உட்காரச் சொன்னாலும் உட்காராமல் வாசலில் நின்றார்.

"அருளு, ஒரு சொல்லு சொல்லட்டுமா? இந்த மேட்ச்ச கொஞ்சம் தள்ளி வைப்போமே. டிவியில பாக்க முடியல வாப்பா. நம்ம புள்ளைங்க பந்து அடிக்கிறதும் கைதட்டுறதும்... மனசு ஒப்பல."

"காக்கா, இன்னும் ஒரு வாரம் போனா வெயிலு நிக்க விடாது. எனக்க பயலுவ பாதிப் பேரு லீவுல ஊருக்குப் போறான். பெறவு எங்க வைக்க? அதுவுமில்லாம தயாவே ஆடுகேன்னுதான் சொல்லுதான். எலே தயா, சொல்லுடே காக்காட்ட."

தயாபரன் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தான். "நான் என்னத்தைச் சொல்ல, காக்கா. நேற்றும் அங்கயிருந்து போன் வரேல்லை. இங்க இருக்கிற எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தனுக்குப் புதன்கிழமை வந்ததாம். இண்டைக்கு எங்கட ஆக்களின்ர முறை வருமெண்டு அவனிட்டைச் சொல்லிவிட்டவை."

"அப்போ நீ வீட்டுல இரி தம்பி" என்றார் செய்கு முகம்மது.

அருள்ராஜ் எழுந்து வந்து தயாபரன் தோளில் கைவைத்தான். இந்த இடத்தில் அவனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லவேண்டுமானால், அவன் மனப்பூர்வமாகத்தான் சொன்னான்.

"இங்க கிடந்து செவரப் பாத்துட்டு இருந்தா மட்டும் போன் வந்திருமா மக்கா? கிரவுண்டுலயும் சிக்னல் உண்டு. போன் எனக்க கையில இருக்கும். அடிச்சுதுன்னா ஓடி வந்து உனக்க காதுல வைப்பேன். கோலு போனா போட்டும். எங்கம்ம மேல சத்தியமாட்டு."

"கோல் போனாலும் பரவாயில்லையோ?"

"போட்டும்னுல்லா சொல்லுகேன்."

தயாபரன் சிரித்தான். செய்கு முகம்மது படியிறங்கினார்.

அடுக்களையில் விஜி குரலைத் தாழ்த்தி, "அந்தப் பிள்ளைய விட்டிருங்களேன். அதுக்க மொகத்தப் பாத்தியளா?" என்றாள்.

"ஒனக்குத் தெரியாது. அவன் இல்லேன்னா அனந்தகிருஷ்ணனத்தான் கோலுல நிறுத்தணும். பந்து தானாட்டு வந்து அவனுக்க வயித்துல பட்டாத்தான் உண்டு."

கிரவுண்ட் என்றால் புல் கிடையாது. கோடௌன்களுக்குப் பின்னால் ரோலர் விட்டுச் சமப்படுத்திய மணல். சுண்ணாம்பில் கோடு. நாலு மணிக்கு மேல் காற்று எழுந்து புழுதி கண்ணில் அடித்தது. மேல்சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். ஐந்நூறு பேராவது இருப்பார்கள். வாரம் முழுக்க ஹெல்மெட்டுக்குள் வெந்த தலைகள், அன்று எண்ணெய் தேய்த்துச் சீவி வந்திருந்தன. காலி தண்ணீர்க் கேன்களைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார்கள். ரெப்ரி ஷம்சாத் பாய், ஹைதராபாத்காரர், "ஜல்தி, ஜல்தி" என்று இரண்டு டீமையும் வரிசையில் நிறுத்தினார்.

ஆட்டத்துக்கு முன்னால் எல்லாருடைய போனையும் மோதிரத்தையும் லேபர் கார்டையும் ஒரு பையில் போட்டு மானேஜரிடம் கொடுப்பது வழக்கம். தயாபரன் தன் போனை மட்டும் பையில் போடவில்லை. துடைத்து அருள்ராஜின் சட்டைப் பையில் அவனே வைத்தான். வைத்துவிட்டு வெளியிலிருந்து ஒருமுறை தட்டிப் பார்த்தான்.

முதல் பாதியிலேயே கடலோரம் ஒரு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதி முழுக்கக் காயல் பையன்கள் முற்றுகை போட்டார்கள். தயாபரன் பறந்தான். மணலில் விழுந்து விழுந்து முழங்கையில் ரத்தம் வந்தது. ஒரு பந்தை விரல் நுனியால் தள்ளினான், அடுத்ததை நெஞ்சில் வாங்கினான். அருள்ராஜ் கோட்டோரமாக முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தான். தொண்டை கட்டிப் போயிற்று.

அப்போதுதான் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. இரண்டு தடவை அடித்து நின்றுவிட்டது.

எடுத்துப் பார்த்தான். நம்பர் இல்லை. வளைகுடாவில் இத்தனை வருஷம் கிடந்தவனுக்குக் கையும் மனசும் பழகிப்போன ஒரு காரியம் உண்டு. ஊரில் இருப்பவர்கள் மிஸ்டு கால் கொடுப்பார்கள். காசு போகாமல் இரண்டு அடி அடித்துக் கட் பண்ணுவார்கள். இங்கிருக்கிறவன் கார்டு போட்டுத் திருப்பிக் கூப்பிடுவான். அம்மா, பெண்டாட்டி, மச்சான், எல்லார் விஷயத்திலும் அப்படித்தான். இரண்டு அடி அடித்து நின்றால் அவசரமில்லை என்று அர்த்தம். 'மேட்ச் முடிஞ்சதும் திருப்பி விளிச்சுக் குடுப்போம்' என்று நினைத்துப் போனைப் பையில் போட்டுக்கொண்டான். திருப்பி விளிக்க நம்பரே இல்லை என்பது அந்த நேரத்தில் அவன் புத்தியில் ஏறவில்லை.

அதுவரை அது தப்புதான், குற்றமில்லை. அதற்கப்புறம் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

முடியப்போகிற நேரத்தில் போஸ்ட்டுக்கு முன்னால் கடலோரத்தின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் கையில் பந்து பட்டுவிட்டது. ஷம்சாத் பாய் விசில் ஊதிப் புள்ளியைக் காட்டினார். பெனால்டி. காயல் பக்கம் கேன்கள் அதிர்ந்தன. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவன் நெய்னா முகம்மது, அதுவரை பெனால்டி தவறவிட்டே பழக்கமில்லாதவன். தயாபரன் கையுறையைப் பல்லால் கடித்து இறுக்கினான்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை நிற்கவில்லை.

அருள்ராஜ் பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தான். மறு காதைப் பொத்திக்கொண்டான். காற்று இரைவது மாதிரி ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல்.

"தயா... தயாவோ அப்பன்?" பிள்ளையை அப்பன் என்று செல்லமாகக் கூப்பிடுகிற அம்மா.

கோல் போஸ்ட்டுக்கும் அவனுக்கும் இடையில் வீதி அகலம்தான் இருந்தது. ஓடியிருக்கலாம். கை காட்டினால் ஷம்சாத் பாய் நிறுத்தியிருப்பார். செய்கு காக்கா தானே முன்னால் வந்து நிறுத்தியிருப்பார். ஐந்நூறு பேரில் ஒருவன்கூட முணுமுணுத்திருக்க மாட்டான். அருள்ராஜ் பந்தைப் பார்த்தான். போஸ்ட்டில் அனந்தகிருஷ்ணன் நிற்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தான்.

"அம்மா, அவன் டூட்டியில நிக்கான். ஒரு பத்து நிமிசம் கழிச்சு விளிங்கம்மா. கேட்டியளா? பத்து நிமிசம்."

அந்தப் பக்கம் குரல் ஏதோ சொல்லத் தொடங்கியது. அதே நேரம் தயாபரன் கோட்டோரம் திரும்பிப் பார்த்தான். மானேஜர் காதில் போனோடு நிற்பதைக் கண்டு, பயப்படாதே என்பதுபோலக் கையுறைக் கையைத் தூக்கிக் காட்டினான். அருள்ராஜும் கையைத் தூக்கிக் காட்டினான். நெய்னா முகம்மது ஓடி வந்து இடது மூலைக்கு அடித்தான். தயாபரன் இடது பக்கம் விழுந்தான். பந்து அவன் உள்ளங்கையில் பட்டு, கம்பத்தில் பட்டு, வெளியே போயிற்று.

அருள்ராஜைத் தூக்கிவிட்டார்கள். இறக்கிவிட்டபோது கையில் போன் இருந்தது, குரல் இல்லை.

விசில் ஊதிக் கோப்பையையும் வாங்கியாயிற்று. தயாபரன் மணலும் வேர்வையுமாக ஓடி வந்தான். முதல் கேள்வியே, "எடுத்தவையோ அண்ணா?"

சுற்றிலும் ஆட்கள். கோப்பை அருள்ராஜின் அக்குளில். இதோ இப்போது வந்துவிடும், வந்ததும் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் நம்பினான்.

"இல்ல மக்கா. வரல. இப்ப வரும் பாரு."

சொல்லிவிட்டு, வேர்வை துடைக்கிற சாக்கில் திரும்பி நின்று, வந்த இரண்டு அழைப்புகளின் சுவட்டையும் போனிலிருந்து அழித்தான். பிறகு போனைக் கொடுத்தான். தயாபரன் வேன் ஏறும்வரை, வீடு வரும்வரை, அதை உள்ளங்கையில் வைத்தே பார்த்துக்கொண்டு வந்தான். போன் வரவில்லை.

அடுத்த வாரமும் வரவில்லை. மே மாதம் வந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். தயாபரன் டூட்டிக்குப் போனான், வந்தான், போனைச் சார்ஜில் போட்டான். முன்னெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவன், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

அருள்ராஜுக்கு மீன் இறங்கவில்லை. விஜி குழம்பை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஒருநாள் துணி காயப்போடப் பால்கனிக்குப் போனவள், பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கோப்பை கிடப்பதைப் பார்த்தாள். மூன்று வருஷம் அழுது வாங்கிய கோப்பை. ஃப்ரிட்ஜ் மேல் இடம் ஒதுக்கி விரிப்பெல்லாம் போட்டிருந்தாள்.

"இது எதுக்கு இங்க கெடக்கு?"

அவன் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை துணி பிழிந்த ஈரக் கையோடு அவள் நின்றாள்.

"அவனுக்க அம்மைய நீங்க பத்து நிமிசம் நிக்கச் சொன்னியளா?"

"டூட்டின்னுதான் சொன்னேன். மேட்ச்சுன்னு சொல்லல."

"அது ஒரு பெருமையாக்கும்." அவள் ஈரக் கையை உதறினாள். "போய் அவங்கிட்ட சொல்லுங்க."

"சொல்லிட்டு இந்த வீட்டுல நான் எப்படி இருப்பேன் விஜி? அவன் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"சொல்லாம எப்படி முழிக்கிய?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றான். வேலைக்குப் போகிற பஸ்ஸில் தயாபரன் பக்கத்திலேயே உட்காருவான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கண்ணாடியைத் தூக்குவார்கள், ஒருவன் இந்த முனை, ஒருவன் அந்த முனை. கண்ணாடிக்குள் எதிர்ப்பக்கம் தயாபரன் முகம் தெரியும். அருள்ராஜ் தரையைப் பார்த்து நடப்பான். "போர்மேன், கால்ல போட்டுக்கப் போறீங்க" என்று பசங்கள் கத்துவார்கள். ஜூன் பிறந்தது. வெயில் இரும்பைக் காய்ச்சியது. அவன் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஹாலில் பேப்பர் விரித்துச் சோறு போட்டிருந்தது. தயாபரன் போன் அடித்தது. இந்த முறை நம்பர் இருந்தது. அவன் எழுந்து பிளைவுட் மறைவுக்குப் போனான்.

"ஓம், நான்தான்... சுகந்தியோ? எங்கயிருந்து?... வவுனியாவோ? முகாமிலயோ?... அம்மா?"

பிளைவுட்டில் எதுவோ சாய்ந்த சத்தம் கேட்டது. "எப்ப?" என்றான். பிறகு, "ஆர் கதைச்சது?" என்றான். விஜி அகப்பையைக் குழம்பிலேயே விட்டுவிட்டு அருள்ராஜைப் பார்த்தாள். அவன் கை சோற்றில் இருந்தது.

தயாபரன் வெளியே வந்து, தன் தட்டுக்கு முன்னால், விட்ட இடத்திலேயே உட்கார்ந்தான்.

"அம்மா இல்லையாம் அக்கா" என்றான் விஜியிடம். "ஏப்ரல் கடைசியில, ஷெல் விழுந்து."

விஜி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அருள்ராஜ் பக்கம் திரும்பினான். கத்துவான், அடிப்பான் என்று அருள்ராஜ் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணா, அந்த வெள்ளிக்கிழமை அம்மா எடுத்தவவாம். முதல்தரம் எடுக்கேக்கை அறுந்து போச்சாம். ரெண்டாந்தரம் ஒரு ஆள் கதைச்சவராம். பிள்ளை டூட்டியில நிக்கிறான், பிறகு எடுங்கோ எண்டு சொன்னவராம்."

"நான்தான்டே."

"தெரியும். எனக்கு வேற ஆர் இருக்கினம்?" அவன் சோற்றை வெறித்தான். "அம்மா திரும்பவும் வரிசையின்ர கடைசியில போய் நிண்டவவாம். முறை வாறதுக்கிடையில போன் வச்சிருந்தவர் பற்றரி முடிஞ்சுதெண்டு போயிட்டாராம். ஆனா அம்மாவுக்குச் சந்தோசமாம். என்ர பிள்ளை வேலையில நிக்கிறான், இந்த நிலைமையிலயும் ஒழுங்கா வேலைக்குப் போறான் எண்டு எல்லாரிட்டையும் சொன்னவவாம்."

"மக்கா, நான்..."

"நீங்கள் அப்பிடிச் சொன்னது நல்லம் அண்ணா. பந்தடிக்கிறன் எண்டு சொல்லியிருந்தா..." அவனால் முடிக்க முடியவில்லை. "அங்க சனம் சாகுது. நான் காற்சட்டை போட்டுக்கொண்டு பந்து பிடிக்கிறன். எனக்குத்தான் வெக்கம்."

அருள்ராஜின் தலை தாழ்ந்தது. தன் கேவலத்தை அந்தப் பிள்ளை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்வதை அவனால் தாங்க முடியவில்லை. "லேய், உனக்க தப்பு இல்ல இது. நான் சத்தியம் பண்ணினவன். நீ என்னக் கொல்லு" என்றான். அழுகையில் வார்த்தை உடைந்தது.

தயாபரன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு முன்னால் நகர்ந்து வந்தான்.

"கடைசியா அம்மாவோட கதைச்சது நீங்கள்தான் அண்ணா. தங்கச்சி தள்ளி நிண்டதால ஒண்டும் கேக்கேல்லையாம். அம்மா தன்ர நிமிசம் முடியுமட்டும் ஏதோ சொல்லிக்கொண்டு நிண்டவவாம். என்ன சொன்னவ? எல்லாத்தையும் சொல்லுங்கோ."

அருள்ராஜ் நினைத்துப் பார்த்தான். நெய்னா முகம்மது எத்தனை எட்டு பின்னால் போனான் என்பது ஞாபகம் இருந்தது. எந்தக் காலால் அடித்தான், பந்து மணலில் எங்கே ஒருமுறை குத்தியது, கம்பத்தில் பட்டபோது என்ன சத்தம் கேட்டது, எல்லாம் அப்படியே இருந்தது. அந்தக் குரல் முதலில் கேட்ட ஒரு கேள்விக்கு அப்புறம் ஒரு சொல்கூட அவனிடம் இல்லை. ஏதாவது சொல்லிவிடலாம். சாப்பிட்டானா என்று கேட்டாங்க, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாங்க. எந்த அம்மாவும் சொல்லக்கூடியது. வாய்வரை வந்துவிட்டது. விஜி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'தயாவோ அப்பன்'னு கேட்டாங்க" என்றான். "பெறவு பேசினது எனக்குக் கேக்கலடே. பேசினாங்க. நான் கேக்கல. பந்தப் பாத்துட்டு நின்னேன்."

தயாபரன் மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோலப் பேசினான்.

"நீங்கள் காதில போனோட நிண்டதை நான் கண்டனான். அக்காவோட கதைக்கிறியள் எண்டு நினைச்சன். கை காட்டினனான்."

"நானும் காட்டினேன்."

"நான் கை காட்டேக்கை அம்மா கதைச்சுக்கொண்டு இருந்தவவோ?"

அருள்ராஜ் தலையைத் தூக்காமலே, தயாபரனின் பேச்சிலேயே பதில் சொன்னான்.

"ஓம்."